இல்லாத இரண்டு வருடம்

தொண்ணூறுகளின் கடைசியில், நெய்வேலி டவுன்ஷிப் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடைக்கு மேல்மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் வேலைக்குச் சேர்ந்தேன். எட்டு வருடம் அங்கே இருந்தேன். காலையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கும் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண்களுக்கும் வேர்டு, எக்ஸெல், டேலி சொல்லிக் கொடுப்பேன். மீதி நேரத்தில் யார் எதைக் கொண்டுவந்தாலும் அடித்துக் கொடுப்பேன். கொண்டுவந்ததில் பாதி பயோடேட்டா.

எங்கள் ஊர் பயோடேட்டாவில் முதல் வரியில் பெயர் இருக்கும். இரண்டாவது வரியில் அப்பா பெயர், அதை ஒட்டி அப்பா எந்தச் சுரங்கத்தில் என்ன வேலையில் இருக்கிறார் என்பது. வெளியூர் கம்பெனிக்கு இது எதற்கு, எடுத்துவிடலாமே என்று சொன்னால் முகம் மாறிவிடும். நோக்கம் என்ற தலைப்புக்குக் கீழே எல்லோருக்கும் ஒரே வாக்கியம்தான்: சவாலான வேலையில் சேர்ந்து நிறுவனத்தின் வளர்ச்சிக்கும் தன் வளர்ச்சிக்கும் பாடுபடுவது. டிரைவர் வேலைக்கு மனுப்போட்ட ஒருவருக்கும் அதையே போட்டுக் கொடுத்தேன். கடைசியில், மேலே சொன்ன விவரங்கள் எல்லாம் உண்மை என்று ஓர் உறுதிமொழி. அந்த வரியை நான் புதிதாக அடித்ததே இல்லை. பழைய ஃபைலில் இருந்து எடுத்து ஒட்டுவேன்.

எனக்கென்று ஒன்று நான் அடித்துக்கொண்டதில்லை. பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டிப்ளமோ படித்தவள் நான். என்னோடு படித்த இரண்டு பேர் சென்னைக்குப் போய்விட்டார்கள். நானும் போகிறேன் என்று வீட்டில் கேட்டேன். பெண்பிள்ளை தனியாக எங்கே போய்த் தங்கும் என்று அப்பா ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. வேலை எனக்குப் பிடிக்கவில்லை என்பதை யாரிடமும் சொல்லவும் இல்லை. சொல்வதற்கு அது ஒரு பெரிய விஷயமாக எனக்கே படவில்லை. தம்பி படித்துக்கொண்டிருந்தான். அவன் போய்விட்டால் போதும் என்று நினைத்தேன்.

அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் ஷிப்ட் பார்த்தார். சொந்த ஊர் முத்தாண்டிக்குப்பம். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்து கார்டு வந்து, போய் நின்று, டாக்டரிடம் உடம்பைக் காட்டி, வேலையில் சேர்ந்தவர். வாழ்நாளில் அவர் ஒரு விண்ணப்பமும் எழுதியதில்லை. வேலை என்பது கார்டு வருவது; வரும் வரை காத்திருக்க வேண்டும். அவ்வளவுதான் அவருக்குத் தெரியும்.

தம்பி என்னைவிட நான்கு வயது சின்னவன். விழுப்புரம் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் முடித்தான். கடைசி வருடத்தில் ஒரு மென்பொருள் கம்பெனி கல்லூரிக்கே வந்து அவனை எடுத்தது. அம்மா மாதா கோயிலில் மெழுகுவத்தி ஏற்றி, குவார்ட்டர்ஸ் பிளாக் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தாள். சேர வேண்டிய தேதி மூன்று மாதம் தள்ளிப்போனது. பிறகு ஆறு மாதம். பிறகு ஒரு கடிதம் வந்தது. அமெரிக்காவில் நிலைமை சரியில்லை என்றும், பின்னால் வாய்ப்பு வந்தால் அழைக்கிறோம் என்றும் இருந்தது. அந்த வருடம் அப்படிக் கடிதம் வாங்கிய பிள்ளைகள் எங்கள் பிளாக்கிலேயே மூன்று பேர்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவன் சென்னையில் நண்பர்களோடு ஓர் அறையில் இருந்தபடி கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினான். எங்கே போனாலும் இரண்டு வருட அனுபவம் கேட்டார்கள். பொங்கலுக்கு வரும்போது சட்டை தோளில் தொங்கும். சாப்பிடும்போது அப்பா ஒன்றும் கேட்கமாட்டார். அப்படிக் கேட்காமல் இருப்பதுதான் அவனுக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன். அப்பா மதியம் போய் இரவு திரும்பும் இரண்டாம் ஷிப்ட் வாரங்களில் மட்டும் அவன் வீட்டில் நன்றாகப் பேசுவான்.

அப்பாவுக்கு ஓய்வு பெற இன்னும் மூன்று வருடம்கூட இல்லை. ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். வடலூர் தாண்டி ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தார்கள். அதில் என்ன எழும்பும் என்பது தம்பியின் வேலையைப் பொறுத்தது. என் கல்யாணமும் அதற்குப் பிறகுதான்.

ஒரு மழை நாளில் சென்டரில் யாரும் இல்லாதபோது அவன் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் அறையில் இருந்த இரண்டு பேருக்கு வேலை கிடைத்துவிட்டதாம். எப்படி என்று கேட்டேன். சென்னையில் ஒரு கன்சல்டன்சியில், இல்லாத கம்பெனியின் பெயரில் அனுபவச் சான்றிதழ் செய்து கொடுக்கிறார்களாம். அதை வைத்துத்தான் இருவரும் சேர்ந்தார்கள். தம்பி என்னிடம் எதையும் கேட்கவில்லை. எல்லாரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, மானிட்டரின் மேல் படிந்திருந்த அனல்மின் நிலையச் சாம்பலை விரலால் துடைத்துக்கொண்டிருந்தான்.

செய்யலாம் என்று சொன்னது நான்தான். இதை இத்தனை வருடம் கழித்து எழுதும்போது மறைத்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். தெரியாத ஆளிடம் போய் மாட்டிக்கொள்வதைவிட நானே அடித்துத் தருகிறேன் என்றேன். எங்கள் சென்டர் பெயரையே போட்டுவிடலாம், யாராவது விசாரித்து ஃபோன் செய்தால் எடுப்பது நான்தானே என்றேன். 

"சாருக்குத் தெரிஞ்சா என்னக்கா பண்ணுவ?"

"தெரியாது. நீ வேலைய வாங்கிட்டுப் போ."

சார் என்பது சென்டரின் முதலாளி. வளைகுடாவில் பன்னிரண்டு வருடம் இருந்துவிட்டு வந்து அந்த இடத்தைத் தொடங்கியவர். கடைத்தெருவில் எல்லோரும் அவரை பாய் என்பார்கள். நான் சார் என்பேன். அதிர்ந்து பேசமாட்டார். சாவியையும் லெட்டர் பேடையும் ரப்பர் ஸ்டாம்பையும் என் பொறுப்பில் விட்டிருந்தார். என்னை அவர் சந்தேகப்பட்டதே இல்லை.

அந்த லெட்டர் பேடில்தான் அடித்தேன். இரண்டு வருடம் மென்பொருள் உருவாக்குபவராகப் பணியாற்றினார், நேரம் தவறாதவர், நடத்தை நன்று. எங்கள் சென்டரில் ஒரு மென்பொருளும் உருவானதில்லை. ஒரு பள்ளிக்கூடத்துக்கு மார்க் பட்டியல் போட நான் எக்ஸெல்லில் செய்து கொடுத்திருந்ததை, மாணவர் மதிப்பெண் மேலாண்மை அமைப்பு என்று அவன் ரெஸ்யூமில் எழுதினேன். ஒரு மருந்துக்கடைக்குச் சரக்குக் கணக்கு அடித்துக் கொடுத்ததையும் அதேபோல் பெரிதாக்கினேன். கடைசியில் சார் கையெழுத்தை நான்கு முறை வேறு தாளில் பழகிவிட்டுப் போட்டேன். ஸ்டாம்பைக் கோணாமல் அழுத்தினேன்.  வேலையை நன்றாகச் செய்தோம் என்று ஒரு திருப்திகூட இருந்தது.

இரண்டு மாதத்தில் அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது.

அங்கே அவன் நன்றாக வேலை செய்தான். இதையும் சொல்லியாக வேண்டும். அனுபவம் இல்லை என்பது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயத்தில் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு உழைத்தான். முதல் வருட முடிவில் அவன் குழுவில் அவனுக்குத்தான் நல்ல பெயர். வீட்டுக்கு வரும்போது தெளிவாக இருந்தான். அப்பா அவனிடம் வேலையைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார். புரியாவிட்டாலும் தலையாட்டிக் கேட்பார். வடலூர் மனையில் அஸ்திவாரம் போட்டார்கள். நாங்கள் எழுதிய பொய் மெல்ல மெல்ல உண்மையாகிவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை வந்தது. இன்னும் ஒரு வருடம் போனால் அவனுக்கு நிஜமாகவே இரண்டு வருட அனுபவம் வந்துவிடும். அதற்குப் பிறகு இந்தக் காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிடலாம்.

ஒன்றரை வருடம் போயிருந்தது. ஒரு நாள் சென்டருக்கு ஃபோன் செய்தான். அவர்கள் கம்பெனிக்குப் புதிதாக ஒரு வெளிநாட்டு வாடிக்கையாளர் வந்திருக்கிறாராம். எல்லோருடைய பழைய வேலையையும் விசாரித்துச் சான்று கொடுத்தால்தான் வேலை தருவேன் என்கிறாராம். அதற்கென்று ஒரு ஏஜென்சியை வைத்திருக்கிறார்கள். யாராவது ஃபோன் செய்வார்கள் என்றான். நான் இருக்கிறேன், நீ பயப்படாதே என்றேன். அன்றிலிருந்து ஃபோன் அடித்தால் வகுப்பைப் பாதியில் விட்டு ஓடுவேன். சார் ஒரு முறை சிரித்துக்கொண்டே, மாப்பிள்ளை வீட்டில் இருந்து ஃபோன் வருகிறதா என்று கேட்டார்.

ஃபோன் வரவில்லை. ஆள் வந்தார்.

அது வெள்ளிக்கிழமை. சார் மதியத் தொழுகைக்குப் போயிருந்தார். அந்த நேரத்தில் வகுப்பு கிடையாது. நான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்திருந்தேன். முப்பது வயது இருக்கும், தோளில் ஒரு பை, கையில் ஃபைல். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று வாசலில் நின்று தயங்கிவிட்டுக் கழற்றினார். தம்பியின் பெயரைச் சொல்லி, விசாரணைக்கு வந்திருப்பதாகச் சொன்னார். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். கடலூரில் இறங்கி, அங்கே ஒரு வேலையை முடித்துவிட்டு, வடலூரில் பஸ் மாறி வந்திருக்கிறார். சாப்பிட்டுவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன் என்றார். நான் டப்பாவை மூடினேன்.

நாற்காலியில் உட்கார்ந்ததும் கால்களை நீட்டிக்கொண்டார். "தினம் நாலு ஊருங்க. பி.எஸ்.சி. படிச்சிட்டு ஊர் ஊரா அடுத்தவன் பொய் சொன்னானான்னு கேக்குறதுதான் வேலை. எனக்கே புடிக்கல," என்றார். இங்கே சுரங்கத்தில் வேலைக்கு எடுக்கிறார்களா, எப்படி உள்ளே நுழைவது என்று என்னிடமே விசாரித்தார். பெர்மனன்ட் வேலைக்கு எடுத்து ரொம்ப நாளாகிறது, கான்ட்ராக்ட்தான் இருக்கிறது என்றேன். அவரைப் பார்த்தால் பயமாக இல்லை. அதனால் எனக்குத் தைரியம் வந்தது.

கேள்விகளைக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். எந்த மாதம் சேர்ந்தார், எந்த மாதம் போனார், என்ன வேலை, ஏன் போனார். வருகைப் பதிவேடு கேட்டார். பழைய பதிவேடுகளைக் கரையான் அரித்துவிட்டது என்றேன். எழுதிக்கொண்டார். உரிமையாளர் இருக்கிறாரா என்றார். வெளியூர் போயிருக்கிறார், நான்தான் நிர்வாகம் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார். பிறகு தாளை என் பக்கம் திருப்பி, தகவல் கொடுத்தவர் என்று இருந்த இடத்தில் என் பெயரையும் பதவியையும் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

பெயரை எழுதினேன். எட்டு வருடமாக எழுதுவதுபோல இனிஷியலோடு எழுதினேன். எங்களுக்கு இரண்டெழுத்து இனிஷியல், அப்பா பெயரும் தாத்தா பெயரும். அவர் தாளை வாங்கிப் பார்த்தார். பிறகு ஃபைலில் மேலே இருந்த தம்பியின் பெயரைப் பார்த்தார். அங்கே அவன் ஃபோட்டோவும் ஒட்டியிருந்தது. என்னைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் அம்மாவின் நெற்றி.

"அவரு உங்களுக்கு என்ன வேணும்?"

அதட்டிக் கேட்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலத்தான் கேட்டார். உறவில்லை, தெரிந்தவர் என்று சொல்லியிருக்கலாம். எதிர்பாராமல் ஒரே இனிஷியல் அமைந்துவிட்டது என்று சிரித்திருக்கலாம். ஒன்றரை வருடமாகப் பதில்களைத் தயார் செய்துவைத்திருந்த எனக்கு அந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் தயாராக இல்லை. என் வாயில் வந்தது ஒன்றுதான்.

"தம்பி," என்றேன்.

அவர் பேனாவை மூடினார். 

"ஏங்க சொன்னீங்க?" என்றார் மெதுவாக.

நான் அழ ஆரம்பித்தேன். அதை எழுதாமல் விட்டுவிடச் சொல்லிக் கேட்டேன். கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் எழுந்து நின்றுவிட்டார். தான் எழுதுவதையும் மேலே ஒருவர் சரிபார்ப்பார், விட்டுவிட்டால் தன் வேலை போய்விடும் என்றார். அவருக்கு ஒரு குழந்தை இருந்தது. அதையும் சொன்னார். நாங்கள் இருவரும் இப்படி நிற்கும்போதே படியில் சார் ஏறி வந்துவிட்டார். வெளியூர் போயிருக்கிறார் என்று நான் சொன்னவர், தலையில் தொப்பியோடு வாசலில் நின்றார்.

விசாரிக்க வந்தவர் சாரிடம், இந்தப் பையன் உங்களிடம் வேலை பார்த்தாரா என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். அனுபவச் சான்றிதழின் நகலையும் காட்டினார். சார் அதை வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தன் கையெழுத்தை வெகுநேரம் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை.

"இந்தப் பையன் இங்க அப்பப்ப வருவாரு. அவங்க அக்காவப் பாக்க. வேலை பாக்கல," என்றார்.

அந்த ஆள் போன பிறகு சார் மேசை இழுப்பறையைத் திறந்தார். லெட்டர் பேடும் ஸ்டாம்பும் இருந்த இடத்தில் இருந்தன. மூடிவிட்டார். நான் முன்பே அவரிடம் கேட்டிருந்தால் அவரே ஏதாவது வழி செய்திருப்பாரோ என்னவோ. அதை நான் கேட்டதும் இல்லை, அவர் சொன்னதும் இல்லை.

"நாளையிலேர்ந்து வர வேணாம்மா," என்றார். அவ்வளவுதான். கடைத்தெருவில் இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. நான் வேலையை விட்டுவிட்டதாகவே எல்லோரும் நினைத்தார்கள்.

அன்று சாயங்காலமே தம்பிக்கு ஃபோன் செய்திருக்க வேண்டும். பொது ஃபோன் கடை வரை போய்விட்டுத் திரும்பி வந்தேன். ஒருவேளை அந்த ஆள் எழுதாமல் விட்டிருப்பாரோ என்று ஒரு நப்பாசை. மூன்று வாரம் அப்படியே போனது. வீட்டில் வழக்கமான நேரத்துக்குக் கிளம்பி, பஸ் ஏறி, வடலூர் வள்ளலார் சபைத் திடலில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்துவிட்டு, வழக்கமான நேரத்துக்கு வீட்டுக்கு வந்தேன்.

மூன்றாவது வாரம் அவன் வீட்டு ஃபோனுக்குக் கூப்பிட்டான். நல்லவேளை வீட்டில் நான் மட்டும்தான் இருந்தேன். அவனை ஓர் அறைக்குக் கூப்பிட்டு, அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, மேசையில் இருந்த சாமான்களைக்கூட எடுக்கவிடாமல், செக்யூரிட்டி கூடவே வந்து கேட் வரை விட்டிருக்கிறார்கள். நீ என்ன சொன்னாய் என்று கேட்டான். நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.  பின்னால் வண்டிகள் போகும் சத்தம் கேட்டது.

"சரி," என்றான். ஃபோனை வைத்துவிட்டான்.

வீட்டில், சென்டர் வேலையை நானே விட்டுவிட்டதாகச் சொன்னேன். நான்கு மாதம் அவன் வீட்டுக்கு வரவில்லை. வேலை அதிகம் என்று அம்மாவிடம் எப்போதாவது பேசுவான். என்னைக் கூப்பிடச் சொல்லமாட்டான். நான் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போவேன். சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பேன், என் முறை வரும் முன் விலகி வந்துவிடுவேன். உள்ளே போய் எதைச் சொல்வது என்று தெரியவில்லை. பொய் எழுதியதையா, உண்மையைச் சொன்னதையா? எதற்காக நான் வருந்துகிறேன் என்று எனக்கே பிடிபடவில்லை.

அந்த இடைவெளியில் அப்பா ஓய்வு பெற்றார். மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஜீப்பில் கொண்டுவந்து வீட்டு வாசலில் இறக்கினார்கள். மகன் எங்கே என்று கேட்டவர்களுக்கு, லீவு கிடைக்கவில்லை என்று அப்பாவே சொன்னார். குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது தபால் வந்தது. கம்பெனியில் இருந்து, நிரந்தர முகவரிக்கு. அப்பாதான் வாங்கினார். ஆங்கிலத்தில் இருந்ததால் என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார்.

சாதாரணக் கடிதம்தான், கணக்கு சம்பந்தப்பட்டது என்றேன். அப்பா அதை என் கையில் இருந்து திரும்ப வாங்கினார். முப்பத்தைந்து வருடம் சுரங்கத்தில் இருந்தவர். வேறு இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் சில வார்த்தைகள் அவருக்குத் தெரியும்.

"டெர்மினேட்னு போட்ருக்கே," என்றார், விரலை அந்த வார்த்தையின் மேல் வைத்து.

பாத்திர மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கையில் இருந்த கயிற்றைக் கீழே போட்டுவிட்டாள். அப்பா குறுக்கே பேசாமல் கேட்டார். கடைசியில் ஒன்று கேட்டார்.

"பாய் கையெழுத்த யாரு போட்டது?"

"நான்தான்ப்பா."

கடிதத்தை மடித்து, தன் சர்வீஸ் காகிதங்கள் இருந்த ஃபைலில் வைத்தார். தம்பியை அவர் ஒரு நாளும் திட்டவில்லை. என்னையும் திட்டவில்லை. ஆனால் அன்றிலிருந்து எனக்கு நேராக எதுவும் சொல்லமாட்டார். தண்ணீர் வேண்டும் என்றால்கூட அம்மாவிடம்தான் கேட்பார். அது இரண்டு வருடத்துக்கு மேல் நீடித்தது.

வடலூருக்கு வெளியே பூச்சுப் பூசாத சுவர்களோடு இரண்டு அறை வீட்டில் குடியேறினோம். டவுன்ஷிப்பில் கரண்ட் போய் நாங்கள் பார்த்ததே இல்லை. இங்கே தினமும் போனது. தம்பி அங்குதான் வந்தான். ஒரு பையோடு வந்து, வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அம்மா போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். பெங்களூரில் அந்த நான்கு மாதமும் வேறு வேலை தேடியிருக்கிறான். நல்ல சம்பளத்தில் இருந்த இடத்தை ஏன் விட்டாய் என்று போகும் இடமெல்லாம் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கம்பெனியின் பெயரை எழுதினால் விசாரிப்பார்கள். எழுதாவிட்டால் படிப்பு முடித்து நான்கு வருடம் சும்மா இருந்தவன் ஆகிறான். எப்படி எழுதினாலும் சிக்கல்தான் என்று அம்மாவிடம் சொன்னான்.

சில மாதம் கழித்து அப்பா அவனைத் தனக்குத் தெரிந்த ஒரு கான்ட்ராக்டரிடம் அழைத்துப் போனார். பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் நிலக்கரியை அள்ளிப் போடும் வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. அப்பா முப்பத்தைந்து வருடம் மேலே நின்று இயக்கிய அதே மாதிரி பெல்ட். திரும்பி வரும்போது ஒரு படிவம் கொண்டுவந்தார்கள். தம்பி அதை என் முன்னால் வைத்தான். அவன் என்னிடம் நேராகப் பேசியது ஃபோனில் சொன்ன அந்த "சரி"க்குப் பிறகு அன்றுதான்.

"படிப்புல பத்தாவது பாஸ்னு எழுதுக்கா. அதுக்கு மேல படிச்சவங்கள எடுக்க மாட்டாராம். சட்டம் பேசுவாங்களாம்."

பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பி.இ. என்று எழுதிப் பழகிய கை. நான் எழுதாமல் இருப்பதைப் பார்த்து அவனே சொன்னான்.

"இதுவும் பொய்தான். ஆனா இத யாரும் வந்து விசாரிக்க மாட்டாங்க."

எழுதினேன். மறுநாள் காலை அவன் முதல் ஷிப்டுக்குப் போனான். அம்மா, பெங்களூர்ல போட்ட இன்ஜினியர் சட்ட ரெண்டு இருக்கே, அதப் போட்டுகினு போவாத, கரியாய்டும் என்று பழைய சட்டை எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலம் வரும்போது கண்ணைத் தவிர எல்லாம் கறுப்பாக இருந்தான். முன்பு அப்பா வரும்போது வெந்நீர் வைப்பதுபோல அம்மா வெந்நீர் வைத்தாள்.

எனக்கும் வேலை தேவைப்பட்டது. முதன்முறையாக எனக்கென்று ஒரு பயோடேட்டா அடித்தேன், வடலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருந்த ஒரு பிரவுசிங் சென்டரில், மணிக்கணக்கில் உட்கார்ந்து. எட்டு வருட அனுபவம் என்று எழுதலாம். அதற்குக் கீழே விசாரிக்க ஒரு பெயர் கேட்பார்கள். சாருடைய பெயரை எழுத எனக்கு முகம் இல்லை. பண்ருட்டியில் ஒரு பள்ளியின் அலுவலக வேலைக்குப் போனபோது, ஏன் பழைய வேலையை விட்டீர்கள் என்று கேட்டார்கள். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து போயிருந்தேன், சொன்னேன். அந்த அம்மா காகிதங்களை ஒழுங்காக அடுக்கி என் பக்கம் தள்ளினார். அடுத்த இரண்டு இடங்களிலும் அப்படியே ஆனது. நான்காவது இடம் சேத்தியாத்தோப்பில் ஒரு விதைக் கடையின் அலுவலகம். அங்கேயும் கேட்டார்கள். அப்பா ரிட்டயர்ட் ஆகி வீடு மாறிவிட்டோம், தூரம் அதிகம் என்றேன். சேர்த்துக்கொண்டார்கள். அங்கே பதினொரு வருடம் இருந்தேன்.

தம்பி ஐந்து வருடம் அந்தக் கான்ட்ராக்டில் இருந்தான். கான்ட்ராக்டர் மாறினார், அவன் மாறவில்லை. பெல்ட்டின் இரைச்சலில் அவனுக்கு இடது காது கேட்காமல் போய், வலது காதும் மந்தமாகிவிட்டது. நாம் பேசினால் வலது காதைக் காட்டி, என்ன என்பான். ஒரு முறை அவன் வேலை செய்த இடத்தில் கம்ப்யூட்டர் கோளாறாகி இன்ஜினியர்கள் இரண்டு பேர் திணறிக்கொண்டிருந்தார்களாம். தனக்குச் சரி செய்யத் தெரியும் என்று தெரிந்தும் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அவள் என்னிடம் சொன்னாள்.

அப்பா இறந்த அடுத்த வருடம் வளைகுடாவுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அதற்குப் போக முடிவு செய்தான். கிடங்கில் சாமான் அடுக்கும் வேலை. ஏஜென்ட் ஒரு பயோடேட்டா கேட்டிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவன் கட்டிலில் உட்கார்ந்து, அட்டையை முழங்காலில் வைத்துக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தான். கொடு, நாளைக்கு ஆபீஸில் அழகாக அடித்துக் கொண்டுவருகிறேன் என்றேன்.

"வேணாங்கா. நானே எழுதிக்கிறேன்," என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் நான் பக்கத்தில் வந்ததும் தாளை அட்டைக்கு அடியில் திருப்பி வைத்தான். நான் துணி மடிக்கப் போய்விட்டேன். அவன் தன்னைப் பற்றி அதில் என்ன எழுதினான், எந்தப் படிப்பைப் போட்டான், எந்த வருடங்களை விட்டான் என்று எனக்குத் தெரியாது.

இப்போதும் அங்கேதான் இருக்கிறான். வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. மதியத்துக்கு மேல் ஃபோன் செய்வான். அம்மாவிடம் கால்வலி எப்படி இருக்கிறது, மருந்து சாப்பிட்டாயா என்று கேட்பான். பிறகு அக்காவிடம் கொடு என்பான். அங்கே மழையா என்று கேட்பான். மழை என்றோ வெயில் என்றோ சொல்வேன். சத்தமாகச் சொல்ல வேண்டும்.